வைன் ஸ்டோர்ஸில் வைன் வாங்குவது எப்படி: மட்டக்களப்பு வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வைன் ஸ்டோர்ஸ்" என்று பெரிய எழுத்தில் போர்ட் தொங்கும் கடைக்குப் போய் வைன் இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் உங்களை ஒருக்கா ஏற இறங்கப் பார்ப்பார். கண்ணுக்கு நேரே சாராயம், பெட்டி பெட்டியாக பியர். வைன் மேல்தட்டின் மூலையில் தூசி பிடித்துப்போய் ஏழெட்டுப் போத்தல். நான் முதன்முதலாகக் கேட்டபோது கிடைத்த பதில் இன்னும் ஞாபகம்: "அது நத்தாருக்குத்தான் மனே போகும். அதுக்கு மறுகா ஒருத்தரும் தொடமாட்டாங்க."

அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இந்தக் கட்டுரையின் பாதி அடங்கியிருக்கிறது. யாரும் தொடாத போத்தல் எங்கே நிற்கிறது? தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில், ஏசி இல்லாத கடையில். பிரான்சில் நன்றாயிருந்த சரக்கென்றாலும் எங்கள் ஊரில் ஒரு வெயில்காலம் முழுக்க நின்றால் அது வேறு சாமான். ஆகவே குறைந்த விலையில் நல்ல வைன் தேடும் மட்டக்களப்பான் முதலில் படிக்க வேண்டியது வெயிலை. மற்றதெல்லாம் அதற்கு மறுகா.

கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் 13 வீதம் மது என்றால், உள்ளே கிட்டத்தட்ட 97 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். அதே அளவு சாராயத்தில் 33 வீதம் என்று வைத்தால் 250ஐ நெருங்கும். 'ஏறுவது'தான் கணக்கு என்றால் வைன் எப்போதும் நட்டம். நேரே சாராயத்துக்கே போங்கள், இதை வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறியோடு ஒன்றிரண்டு கிளாஸ், நாலுபேர் சேர்ந்து ஒரு போத்தல் என்பவர்களுக்குத்தான் மீதி.

சட்டம் மூன்று வரியில்: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. போயா அன்று கடை பூட்டு. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் வந்த விதியை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களுக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் வைனை ஒழுங்காக ருசித்துச் சொல்லக்கூடியது என் மனைவி. கடைவாசலில் போய் நிற்பது நான். இதற்கு மேல் இதைப்பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும்.

முதல் படி: மாதம் பார்த்து வாங்குங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, காசைக் கொடுத்துக் கற்றது. எங்கள் பக்கத்தில் வைன் வாங்கச் சிறந்த காலம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. மாரி மழை, வாடைக்காற்று, கடை குளிர்ந்திருக்கும். அதைவிட முக்கியம், நத்தாருக்கென்று புதுப் பெட்டி இறங்கும். விறுவிறென்று விற்றும் போகும். அந்தக் காலத்தில் நீங்கள் எடுக்கும் போத்தல் கடையில் நின்ற நாள் குறைவு.

மோசமான காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். மே மாதத்திலிருந்து கச்சானில் காய்ந்து கிடந்த மிச்சச் சரக்கு அப்போதுதான் 'விலைக் குறைப்பு' என்று முன்னுக்கு வரும். அந்த மாதங்களில் வைன் வேண்டுமென்றால் ஏசி போட்ட சுப்பர்மார்க்கட் தட்டு, இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய் வருகிறவரிடம் சொல்லிவிடுவது. உதயதேவி ரயிலில் வருகிறவரானால் போத்தலை ஜன்னலோரத்தில் வைக்காமல், உடுப்புக்குள் சுற்றி பையின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பாசிக்குடா, அறுகம்பைப் பக்க ஹோட்டல்களில் வைன் நல்ல பராமரிப்பில் இருக்கும்தான். ஆனால் அது ஹோட்டல் விலை, எங்கள் தலைப்பு வேறு.

இரண்டாம் படி: கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே போத்தலைச் சோதிப்பது

"அண்ணே, அதை ஒருக்கா எடுத்துத் தாங்க, பார்த்திட்டுத் தாறன்" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் கேளுங்கள்.

கையில் வந்ததும் முதலில் உள்ளங்கையால் போத்தலைப் பிடியுங்கள். இளஞ்சூடாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வைன் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். அது கழுத்துக்குள்ளே நிற்க வேண்டும். தோள் வரை இறங்கியிருந்தால் எங்கேயோ கசிந்திருக்கிறது. தக்கை போட்ட போத்தலென்றால் மேலே மூடியிருக்கும் தாளைப் பெருவிரலால் தடவுங்கள். தக்கை உள்ளிருந்து தள்ளி மேடு தட்டினாலோ, கழுத்தோரம் பிசுபிசுவென்று காய்ந்த கோடு ஓடியிருந்தாலோ, சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. வெள்ளை வைன் தேன் நிறத்துக்கும், இளஞ்சிவப்பு ரோஸே வெங்காயத் தோல் நிறத்துக்கும் மாறியிருந்தால் அதுவும் வேண்டாம்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரியில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சிவப்பு வைனை அரைவிலைக்குத் தந்தார்கள். நானும் பெரிய கெட்டிக்காரன்போல வாங்கிக்கொண்டு வந்தேன். திறந்து ஊற்றினால் காய்ச்சிய முந்திரிகை (திராட்சை) வற்றல் வாசம், வாயில் வைத்தால் புளித்த ஜாம். மேற்குப் பார்த்த அலுமாரி அது. பின்னேர வெயில் நேரே விழுமிடம். சூடு மட்டுமில்லை, வெளிச்சமும் கெடுக்கும், அதுவும் நிறமில்லாத கண்ணாடிப் போத்தலை வெகு சீக்கிரம். தட்டில் ஒரே வைன் நாலு போத்தல் நின்றால் முன்னுக்கு நிற்பதை விட்டுவிட்டுப் பின்னுக்குள்ளதைக் கேளுங்கள்.

அதோடு மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் இருக்கிறதா, பின்பக்கம் இறக்குமதியாளரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் தொட வேண்டாம்.

மூன்றாம் படி: மூடியும் ஆண்டும்

திருகுமூடி மலிவின் அடையாளம் என்று எங்கள் ஆட்கள் இன்னும் நினைக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு வைன் செய்பவர்கள் 2000ஆம் ஆண்டிலேயே தங்கள் நல்ல ரீஸ்லிங் வெள்ளை வைனுக்குத் தக்கையை விட்டுத் திருகுமூடிக்குச் சேர்ந்து மாறினார்கள். நியூசிலாந்துக்காரர் அடுத்த வருடம் அதே வழியில் போனார்கள். தக்கையில் பிடிக்கும் ஒரு பூஞ்சண வாசம், மழையில் நனைந்த காட்போர்ட் பெட்டி வாசம்போல, வைனையே கெடுத்துவிடும். திருகுமூடியில் அந்தத் தொல்லை இல்லை எனலாம். நிமிர்த்தி வைத்தாலும் மூடி காயாது. எங்கள் சூட்டுக்கும் எங்கள் கடைகளுக்கும் திருகுமூடிதான் பொருத்தம். ஒரே விலையில் இரண்டு இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு திருகுமூடியைத்தான் எடுப்பேன்.

அடுத்தது ஆண்டு. "வைன் பழசானால் நல்லம்" என்பது மிகச் சில வைன்களுக்கு, அதுவும் குளிர்ந்த நிலவறையில் கிடந்தால் மட்டும் உண்மை. அன்றாட வைன் இளசாகக் குடிக்கச் செய்தது. லேபலில் உள்ள ஆண்டு பழம் ஆய்ந்த ஆண்டு. வெள்ளையும் ரோஸேயும் இரண்டு வருடத்துக்குள், சிவப்பு மூன்று, நாலு வருடத்துக்குள் இருக்கட்டும். தென்னாபிரிக்கா, சிலி, அவுஸ்திரேலியாவில் அறுவடை பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஐரோப்பாவில் செப்டெம்பர் வாக்கில். அதனால் ஒரே ஆண்டு போட்ட போத்தலில் சிலிக்காரனுடையது அரை வருடம் மூத்தது.

'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினில் 'ரெசேர்வா' என்று போட்டால் சிவப்பு வைனுக்கு மூன்று வருடப் பதப்படுத்தல், அதில் ஒரு வருடமாவது மரப்பீப்பாயில் என்று சட்டம் இருக்கிறது. அவுஸ்திரேலிய லேபலில் அதே சொல்லுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, விற்கிறவர் விரும்பினால் போடலாம். மின்னும் பெட்டி, தங்க எழுத்து எல்லாம் உங்கள் காசில்தான்.

'டிரை' என்றால் இனிப்பில்லாதது. நுரைக்கும் வைனில் மட்டும் ஒரு குழப்பம்: 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது, இனிப்பு மிகக் குறைந்த 'ப்ரூட்'டைவிட இனிப்புக் கூடியது. 'டெமி செக்' என்றால் நல்ல இனிப்பு. பாட்டிக்கு நத்தாருக்கு வாங்குவதென்றால் அதுதான் சரி. பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் மில்க் வைனில் பழகிய நாக்குக்கு ப்ரூட்டைக் கொடுத்தால் "என்ன தம்பி இது, வினாகிரியா?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

நாலாம் படி: எந்தப் பழம், எந்த நாடு

இங்கே முந்திரிகை என்று நான் எழுதுவது திராட்சையை, கஜுவை அல்ல. எங்கள் ஊரில் அந்தக் குழப்பம் வராது, தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

காசுக்கு ஆகக் கூடுதலாகக் கிடைப்பது, என் அனுபவத்தில், ஷெனின் ப்ளாங் என்ற தென்னாபிரிக்க வெள்ளை வைன். அந்த நாட்டில் ஆகக் கூடுதலாக நட்டிருக்கும் முந்திரிகை இனமே அதுதான். மலிவான போத்தலில்கூட கொய்யாவும் தேசிக்காயும் கலந்த வாசம் வரும், புளிப்பு நேராக நிற்கும். மீனுக்கும் றாலுக்கும் இதைவிடப் பொருந்துவதைக் காட்டுவது கஷ்டம். சிலியின் சோவினியோன் ப்ளாங் அதற்கு அடுத்தது.

சிவப்பில் ஆர்ஜென்டீனாவின் மல்பெக் நாவற்பழம்போல வாயை நிறைக்கும். ஷிராஸ் என்றால் மிளகுக் காரம் சேர்ந்த அதே நாவற்பழம். கபர்னே சோவினியோனின் பெயர் பெரியது. ஆனால் மலிவில் வாங்கினால் துவர்ப்புத்தான் முன்னுக்கு நிற்கும்: சாயம் கூடின பிளேன்டீயை ஆறவைத்துக் குடித்த மாதிரி. இறைச்சி இல்லாமல் அதைத் தனியே குடிப்பது எனக்குப் பிடிக்காது. சிலியின் கார்மெனேருக்கு ஒரு கதை இருக்கிறது. பிரான்சில் பூச்சிநோயில் கிட்டத்தட்ட அழிந்துபோன அந்த இனத்தை, சிலிக்காரர் தங்கள் தோட்டத்தில் மெர்லோ என்று நினைத்தே நூறு வருடத்துக்கு மேல் வளர்த்து வந்தார்கள். 1994இல் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் வந்து பார்த்துத்தான் அது வேறு இனம் என்று கண்டுபிடித்தார். பெயர் பிரபலமில்லாததால் விலையும் இன்னும் தலைக்கேறவில்லை. கண்டால் எடுங்கள்.

பிரான்சின் பிரபலமான ஊர்ப் பெயர்கள், போர்தோ மாதிரி, கடையின் ஆக மலிவான தட்டில் நின்றால் நான் விலகிப் போவேன். பெயருக்கே பாதிக் காசு போயிருக்கும். சிவப்புக்கு ஸ்பெயினின் கர்னாச்சா, டெம்ப்ரனியோ, நுரைக்கு காவா, இவை அதே காசுக்கு நேர்மையானவை.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான், மாமா வரும்போது "என்ன கொண்டுவர?" என்று கேட்பார்கள் இல்லையா? விஸ்கி என்று வாய்தவறிச் சொல்லாமல், மேலே சொன்னதில் ஒரு பெயரை எழுதி அனுப்புங்கள். அங்கே அது விலை குறைவு, இங்கே அது கிடைப்பதே அரிது.

ஐந்தாம் படி: விலைத்தட்டில் எங்கே கை வைப்பது

ஆக மலிவானதற்கு அடுத்த தட்டு, அல்லது அதற்கும் அடுத்தது. காரணம் இதுதான். கண்ணாடிப் போத்தல், கப்பல் கூலி, மதுவின் அளவைப் பார்த்துப் போடும் வரி, இவையெல்லாம் நல்ல வைனுக்கும் கூடாத வைனுக்கும் ஏறத்தாழ ஒன்று. ஒரு கணக்குக்காக, கடையில் ஆகக் குறைந்த போத்தலின் விலை நூறு என்றால், உள்ளே இருக்கும் வைனின் பெறுமதி அதில் பதினைந்து என்று வையுங்கள். நூற்றுமுப்பது கொடுத்தால் அந்தப் பதினைந்து முப்பதாகலாம். விலை மூன்றிலொரு பங்கு கூட ஏறவில்லை, வைன் இரட்டிப்பு. ஆனால் இந்த ஏற்றம் தொடர்ந்து போகாது. மேல்தட்டுக்குப் போகப் போகப் பெயருக்கும் பெட்டிக்கும்தான் கொடுக்கிறீர்கள். அதோடு எங்கள் கடைகளில் விலை கூடிய போத்தல்தான் ஆக நீண்ட காலம் விற்காமல் நிற்கும். வெயிலில் ஆகக் கூட வெந்ததும் அதுதான்.

பிடித்தது கிடைத்துவிட்டால் உடனே ஒரு பெட்டி வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, திறந்து, நன்றாயிருந்தால் அடுத்த நாளே போய் அதே தட்டில் இன்னும் இரண்டு. மாசக்கணக்கில் வைத்திருக்க எங்களிடம் நிலவறை இல்லை. வாங்கியதைப் பிரிட்ஜின் கீழ்ப்பகுதி மரக்கறிப் பெட்டிக்குள் வையுங்கள். சாமியறை அலுமாரிக்கு மேலே வைத்தால் அது கடைத்தட்டைவிட மோசம். மோட்டார்சைக்கிள் சீட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடலில் குளிக்கப் போவது எவ்வளவு மோசம் என்று நான் பாசிக்குடாவில் பார்த்துவிட்டேன். அந்த ஷெனின் ப்ளாங்கை ஒரு முழு மத்தியானம் அவித்தேன்.

ஆறாம் படி: பேப்பர் சுற்றிய போட்டி

நாலு கூட்டாளிமார், மூன்று போத்தல், மூன்று பழைய பத்திரிகைத் தாள். ஒருவர் அறைக்குள் போய் போத்தல்களைச் சுற்றி 1, 2, 3 என்று இலக்கம் போட்டுவிட்டு வரவேண்டும். லேபலும் விலையும் தெரியாமல் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, பிடித்த வரிசையை எழுதுங்கள். 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி இப்படித்தான் பிரெஞ்சு நடுவர்களுக்குக் கலிபோர்னியா வைனையும் பிரெஞ்சு வைனையும் பெயர் மறைத்துக் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கே போனது.

எங்கள் வீட்டுப் போட்டியில் முதலிடம் ஆகக் குறைந்த விலைப் போத்தலுக்கு. ஆக விலையானதை வாங்கிவந்த கூட்டாளி தாளைக் கிழித்துப் பார்த்த பிறகும் நம்பவில்லை. போத்தலை மாற்றிவிட்டோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். முடிவை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: பெயர், ஆண்டு, கடை, மாதம், விலை, ஒரு வரிக் கருத்து. "கொய்யா வாசம், நண்டுக்குச் சரி" என்பது போதும். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பி எந்த நிபுணரையும்விட உங்களுக்கு உதவும், ஏனென்றால் அதில் இருப்பது உங்கள் நாக்கும் உங்கள் ஊர்க் கடையும்.

ஏழாம் படி: குளிர்விப்பது

இதில்தான் எங்கள் ஆட்கள் ஆகக் கூடப் பிழை விடுகிறார்கள். நானும்தான் விட்டேன். சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, 32 பாகையில் ஊற்றிக் குடிப்பது. அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை. எங்கள் கல்லடியில் அப்படி ஒரு அறை மார்கழி விடியற்காலையில்கூட இல்லை. சூடான சிவப்பு வைனில் மது மட்டும்தான் மூக்கில் ஏறும். பழ வாசம் வெளியே வராது.

வெளியே நின்ற போத்தலென்றால் பிரிட்ஜில் சிவப்புக்கு ஒன்றரை மணிநேரம், வெள்ளைக்கு இரண்டரை, மூன்று மணிநேரம். கரண்ட் போய்விட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால் வாளி வழி. வாளிக்குள் பாதிக்கு ஐஸ் போட்டு, போத்தல் கழுத்துவரை மூடும்படி தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஐஸை மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவில் காற்றுத்தான் நிற்கும், போத்தலில் குளிர் தொடாது. தண்ணீர் சுற்றிவரப் பிடிக்கும். உப்பு அந்தத் தண்ணீரை உறைநிலைக்கும் கீழே கொண்டுபோகும். போத்தலை இடைக்கிடை கையால் சுழற்றிவிட்டால் வெள்ளை வைன் இருபது நிமிடத்தில் தயார், சிவப்பு எட்டு நிமிடத்தில். மீன் வாடிக்கு ஐஸ் கொண்டுபோகும் பெட்டியிலிருந்தே ஒரு துண்டு கேட்டு வாங்கலாம், வாளிக்குள் போடத்தானே, கிளாஸுக்குள் இல்லை.

கிளாஸ் விஷயத்தில் காசு செலவழிக்க வேண்டாம். வாய் கொஞ்சம் ஒடுங்கிய எந்தக் கிளாஸும் சரி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். நிரப்பினால் கடைசி வாய்க்குள் சூடேறிவிடும்.

எட்டாம் படி: எங்கள் கறிக்கு

துவர்ப்பும் மதுவும் கூடிய வைன் மிளகாய் உறைப்பை இன்னும் மூட்டிவிடும். 14.5 வீத ஷிராஸோடு உறைப்பான நண்டுக்கறி சாப்பிட்டால் இரண்டையும் குறை சொல்லத் தோன்றும். உறைப்புக்கு வேண்டியது குளிர், புளிப்பு, ஒரு துளி இனிப்பு, 12.5 வீதத்தைத் தாண்டாத மது. வாவி நண்டுக்கு லேசாக இனித்த ரீஸ்லிங் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் ஷெனின் ப்ளாங். தேங்காய்ப்பால் சொதிக்கும் புட்டுக்கும் மரப்பீப்பாய் வாசமில்லாத ஷார்டனே வெள்ளை வைன். றால் பொரியல், கணவாய்ப் பொரியலுக்கு காவா. எண்ணெயை நுரை கழுவிக்கொண்டு போகும். சுறா வறைக்கு ரோஸே. மல்பெக்கை மிளகு போட்டு வதக்கிய ஆட்டிறைச்சிக்கு வையுங்கள். கூனிச் சம்பலுக்குப் பொருந்தும் வைன் ஒன்றையும் நான் இன்னும் காணவில்லை. அதற்குக் கள்ளுத்தான்.

எருமைத் தயிரும் பாணியும் வந்த பிறகு வைனை நிறுத்திவிடுங்கள். கல்லடிப் பாலம் கடந்து வீட்டுக்குப் போகிறவர் ஓட்டோவில் போகட்டும்.

மிச்சம் இருந்தால்

விடியப்புறம் இறக்கிய கள்ளு பின்னேரம் என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். வைனும் அதே வழிதான், ஆனால் மெதுவாக. மூடியைத் திருகிப் பிரிட்ஜுக்குள் வைத்தால், சிவப்பும் சரி வெள்ளையும் சரி, மூன்று நாளைக்குத் தாங்கும். பாதிக்குக் குறைவாக மிஞ்சினால் சின்னச் சோடாப் போத்தலொன்றைக் கழுவிக் காயவைத்து, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று நிற்க இடமில்லாவிட்டால் ஐந்து நாள்கூட நிற்கும். வெட்டிவைத்த அப்பிள் பழுப்பான வாசம் வந்தால் குடிக்க வேண்டாம். சிவப்பென்றால் ஆட்டிறைச்சியைப் பிரட்டி வதக்கும்போது அரைக் கோப்பை ஊற்றி, சாராய வாசம் போகும்வரை மூடாமல் கொதிக்க விடுங்கள். தேங்காய்ப்பாலை அதற்குப் பிறகுதான் விட வேண்டும், முந்தினால் திரைந்துவிடும்.